வாலடியில் ஒரு தகடு
(ஈப்போவில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முந்நூறு பேரைச் சுமக்கும் விமானத்தைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பேச வந்திருப்பது இரண்டு பேர், நான்கு பேர், மிஞ்சிப்போனால் பத்துப் பேர் உட்காரும் சிறு விமானத்தைப் பற்றி. அதிலும் என்ஜினைப் பற்றிப் பேசப்போவதில்லை. விமானத்தைத் திருப்புகிற, ஏற்றுகிற, இறக்குகிற உறுப்புகளைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த உறுப்புகளில் "இதை மாற்று, மாற்றாமல் பறக்காதே" என்று அரசாங்கங்கள் போடும் கட்டாய ஆணைகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

"நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது ஐயா. 1947 மே 1ஆம் தேதி மலாயன் ஏர்வேஸ் தன் முதல் கால அட்டவணைச் சேவையைத் தொடங்கியபோது, சிங்கப்பூரில் கிளம்பிய விமானம் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்றுதான் வந்தது. அது ஏர்ஸ்பீட் கான்சல் என்ற மரத்தால் ஆன இரட்டை என்ஜின் சிறு விமானம். ஐந்து பயணிகள் ஏறினால் நிறைந்துவிடும். மறு ஆண்டு, 1948 ஜூன் 16ஆம் தேதி, சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அதன்பின் நம் பால்மரக் காடுகளுக்கு மேலே துணி போர்த்திய இறக்கையோடு ஆஸ்டர் விமானங்கள் தாழப் பறந்தன. பிரிட்டனின் 656ஆம் பிரிவு அவற்றை ஓட்டியது. துண்டறிக்கை போட்டதிலும் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் பார்த்ததிலும் அந்தச் சின்ன விமானங்களுக்குப் பங்கு உண்டு. மங்கு கழுவிக்கொண்டிருந்த நம் பாட்டிமார்கள் அண்ணாந்து பார்த்தது ஜம்போவை இல்லை, ஆஸ்டரை.

பழங்கதையை விடுங்கள். 2022 நவம்பரில் நம் ஈப்போவிலேயே ஒரு சிறு விமானம் விழுந்து ஒருவர் இறந்தார். 2024 பிப்ரவரியில் காப்பாரில் செம்பனைகளுக்கு நடுவே ஒன்று விழுந்து இருவர் இறந்தார்கள். இனிமேலும் இது நமக்குச் சம்பந்தமில்லாத பேச்சா?

சரி, பொருளுக்கு வருவோம்.

சிறு விமானத்தை விமானி எப்படித் திருப்புகிறார்? கணினி இல்லை, எண்ணெய் அழுத்தம் இல்லை. கையும் காலும்தான். கையில் பிடித்திருக்கும் சக்கரத்தையோ தண்டையோ அசைத்தால், தரைக்கு அடியில் ஓடும் எஃகுக் கம்பிவடம் கப்பிகளைச் சுற்றிப் போய் இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புப் பலகைகளை அசைக்கும். காலடியில் இரண்டு மிதிகள். இடது மிதியை மிதித்தால் வாலில் நிற்கும் சுக்கான் இடப்பக்கம் போகும்; வலது மிதியை மிதித்தால் வலப்பக்கம். இவ்வளவுதான். இவ்வளவு எளிமையானது என்பதால்தான் இதில் ஒரு திருகு பிசகினாலும் மாற்று வழி கிடையாது.

இப்போது உங்களை ஒரு விமானத்தின் வாலடிக்கு அழைத்துப் போகிறேன். விமானம் செஸ்னா 150, அதன் தம்பி 152. உலகத்தில் அதிகம் பேருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானங்களில் முதல் வரிசை. 1958 முதல் 1985 வரை இரண்டுமாகச் சேர்த்து 31,000க்கு மேல் செய்தார்கள். ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர், தோளோடு தோள் இடிக்க உட்காரலாம். குனிந்து சுக்கானின் அடியைப் பாருங்கள். அங்கே கொம்பு மாதிரி ஒரு உலோகத் துண்டு. இருபுறமும் கம்பிவடம் அதில்தான் வந்து சேரும். சுக்கான் அளவுக்கு மீறித் திரும்பிவிடக் கூடாது அல்லவா? அதற்காகக் கொம்பில் ஒரு சிறு தகடு. எதிரே விமான உடம்பில் ஒரு போல்ட். சுக்கான் எல்லைக்கு வந்ததும் தகடு போல்ட்டில் இடித்து நிற்கும். வீட்டுக் கதவு சுவரில் மோதாமல் இருக்கத் தரையில் ஒரு கட்டை அடித்துவைப்போமே, அதே வேலை.

அந்தக் கட்டையைக் கதவு தாண்டிப் போய்விட்டால்? தாண்டிப் போய் அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டால்?

1998 ஜூலையில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அதுதான் நடந்தது. ஒரு செஸ்னா 152. ஆசிரியரும் மாணவரும் ஸ்பின் பயிற்சிக்குப் போனார்கள். ஸ்பின் என்றால், விமானம் வேகம் இழந்து, ஒரு இறக்கை மற்றதைவிட முன்னதாகத் தூக்கும் சக்தியை விட்டுவிட, மூக்குக் கீழே குத்திட்டு, சுழன்றுகொண்டே விழுவது. இதை வேண்டுமென்றே செய்து, அதிலிருந்து மீளக் கற்றுக்கொடுப்பார்கள். மீளும் வழி என்ன? என்ஜின் வேகத்தைக் குறை. சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கத்துச் சுக்கான் மிதியை முழுக்க மிதி. பிறகு தண்டை முன்னே தள்ளு. எதிர்ப்பக்கச் சுக்கான் இல்லையென்றால் மீட்சி இல்லை. அன்று அந்தச் சுக்கான் திரும்பவில்லை. விமானம் சுழன்றபடியே செயின்ட் பிரான்சிஸ் ஏரியில் விழுந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், கொம்பின் தகடு போல்ட்டின் தலையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் எவ்வளவு பலமாக மிதித்திருந்தாலும் அது விடுபட்டிருக்காது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பறப்பில் பெரும்பாலும் யாரும் சுக்கானை எல்லை வரைக்கும் ஓங்கி மிதிப்பதில்லை. ஸ்பின்னில் நுழையும்போதுதான் மிதிப்பார்கள். அதாவது, தகடு தாண்ட அதிக வாய்ப்புள்ள நேரம், அந்தச் சுக்கான் உயிருக்கு வேண்டிய அதே நேரம். இதைவிட மோசமான இடத்தில் ஒரு பழுது ஒளிந்திருக்க முடியுமா?

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கனடா விசாரித்தது, காரணத்தைக் கண்டுபிடித்தது, சொன்னது. 2001 ஜனவரியில் செஸ்னா நிறுவனமே ஒரு சேவை அறிவிப்பு வெளியிட்டது: புதிய தடுப்பான், ரப்பர் முட்டு, அவற்றைப் பொருத்தும் ஆணிகள் அடங்கிய ஒரு சிறு பெட்டி; வாங்கிப் பொருத்துங்கள் என்றது. பெரிய வேலை ஒன்றுமில்லை. விலை கூடிய என்ஜின் சமாச்சாரமும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவரை, பயிற்சிக் கிளப்பை, தொழிற்சாலையின் அறிவிப்பு கட்டுப்படுத்தாது. செய்தவர் செய்தார், செய்யாதவர் பறந்தார். 2005இல் ஓஹையோ மாநிலத்தில் இன்னொரு செஸ்னா 152, ஸ்பின்னிலிருந்து மீளாமல் தரையில் மோதியது. சுக்கான் அதேபோல் எல்லை தாண்டிச் சிக்கியிருந்தது. 2007இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், புதிய தடுப்பானைக் கட்டாயமாக்குங்கள் என்று எழுதியது. 2009இல்தான் அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் ஆணை போட்டது. அதன் எண் 2009-10-09. மாணவர்களே, குறித்துக்கொள்ளுங்கள், பிறகு இந்த எண்ணுக்குத் திரும்பி வருவேன்.

1998இல் தெரிந்த பழுது. 2009இல் ஆணை. நடுவில் பதினோரு ஆண்டுகள்!

அறிவுரை வேறு, ஆணை வேறு. இதைத்தான் நான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தேன். தொழிற்சாலை சொல்வது அறிவுரை. அரசாங்கம் சொல்வது ஆணை. அறிவுரையை மீறினால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆணையை மீறினால் அந்த விமானம் சட்டப்படி பறக்கத் தகுதியில்லாதது.

அந்த ஆணையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புதிய தடுப்பான் பொருத்த விரும்பாதவருக்கு இன்னொரு வழி விட்டுவைத்தார்கள். விமானி கண்ணெதிரே "வேண்டுமென்றே ஸ்பின் செய்யக் கூடாது" என்று ஒரு எச்சரிக்கை ஒட்டி, கையேட்டிலும் எழுதிவைத்தால் போதும். சட்டக் கண்ணோட்டத்தில் இது நியாயம்; ஸ்பின் செய்யாத விமானத்தில் ஆபத்து குறைவுதான். ஆனால் மாணவன் தெரியாமல் ஸ்பின்னுக்குள் விழுந்தால் அந்த ஒட்டுத்தாள் சுக்கானை விடுவிக்குமா? உலோகம் செய்யவேண்டிய வேலையை ஸ்டிக்கரிடம் கொடுப்பது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதா? களைக்கொல்லி மருந்து அடித்த நம் அம்மாமார்களைக் கேளுங்கள். பாராகுவாட் டப்பாவில் எழுதியிருந்ததே: கையுறை போடு, முகமூடி போடு, காற்றுக்கு எதிரே அடிக்காதே. எழுதியிருந்தது அறிவுரை. மத்தியான வெயிலில் முதுகில் தோம்பு சுமந்து, ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க முடியுமா என்று எழுதியவர் யோசிக்கவில்லை. 2002இல் மலேசியா தடை என்றது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத்தடை வந்தது. அதற்குள் நகம் உரிந்த விரல்கள் எத்தனை, மங்கிய கண்கள் எத்தனை! லேபிளில் இருந்த வாசகம் அத்தனை வருஷமும் சரியாகத்தான் இருந்தது.

மீண்டும் வானத்துக்கு வருவோம். ஆணை எப்போதும் பதினோரு ஆண்டு காத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விட்பி தீவின் அருகே ஒரு ஆட்டர் மிதவை விமானம் கடலில் விழுந்து அதிலிருந்த பத்துப் பேரும் மாண்டார்கள். வாலின் கிடைத்தகட்டை ஏற்றி இறக்கும் உறுப்பு இரண்டாகக் கழன்றிருந்தது. ஏன்? உள்ளே இருக்கும் ஒரு நட்டு சுழன்று கழலாமல் தடுக்க, கம்பியால் ஆன ஒரு வளையம் போடுவார்கள். பார்வைக்குச் சின்னச் சமாச்சாரம்தான். அந்த வளையம் அங்கே இல்லை. இந்த முறை விசாரணைக்காரர்கள் முழு அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. அக்டோபரிலேயே, உலகில் உள்ள எல்லா ஆட்டர்களிலும் இந்த வளையம் இருக்கிறதா என்று உடனே பாருங்கள் என்றார்கள். அடுத்து ஆணையும் வந்தது. அப்படியானால் வேகமாகச் செய்ய முடியும் என்றுதானே அர்த்தம்? மனம் வைத்தால் வாரங்களில் முடிகிறது. மனம் இல்லையென்றால் பத்தாண்டு போகிறது.

நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்டு 17. லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் 390 என்ற சிறு ஜெட் விமானம் ஷா ஆலம் அருகே எல்மினாவில் சாலை மேல் விழுந்தது. விமானத்தில் எட்டுப் பேர், சாலையில் போய்க்கொண்டிருந்த இருவர், ஆகப் பத்து உயிர். படத்தை நீங்கள் எல்லாரும் கைப்பேசியில் பார்த்தீர்கள். காரணத்தை எத்தனை பேர் படித்தீர்கள்? அந்த விமானத்தின் இறக்கை மேல் சில பலகைகள் உண்டு. தரையைத் தொட்டபின் அவை எழும்பி, இறக்கையின் தூக்கும் சக்தியைக் கொன்று, எடையைச் சக்கரத்தின் மேல் இறக்கிவிடும், பிரேக் பிடிக்கும். வானத்தில் அவற்றை விரிக்கவே கூடாது என்று கையேடு சொல்கிறது. தரையிறங்குமுன் செய்யும் சரிபார்ப்பின்போது துணை விமானி இருக்கையில் இருந்தவர் தவறுதலாக அவற்றை விரித்துவிட்டார் என்பதே விசாரணையின் முடிவு. தூக்கும் சக்தி போயிற்று. மீள உயரமும் இல்லை, நேரமும் இல்லை.

"கூடாது" என்று கையேட்டில் எழுதியிருந்தது. ஆனால் கை நீட்டினால் விரிந்துவிட்டது. என் கட்சி இதுதான்: வானத்தில் விரியவே கூடாத பலகை, வானத்தில் இருக்கும்போது கை பட்டாலும் விரியாதபடி செய்யப்பட்டிருக்க வேண்டும். மனிதனை மட்டும் திட்டிவிட்டுப் போவது எளிது. மனிதன் தவறுவான். இன்றைக்கும் தவறுவான், நாளைக்கும் தவறுவான். அவன் தவறும்போது இரும்பு தவறாமல் நிற்கவேண்டும். அதற்காகத்தான் கட்டாய மாற்றங்கள் இருக்கின்றன.

அமெரிக்காவில் போட்ட ஆணை ஈப்போவில் எப்படிச் செல்லும் என்று கேட்பீர்கள். சிக்காகோ உடன்படிக்கையின் எட்டாவது இணைப்பு அதற்கு வழி வகுத்திருக்கிறது. விமானத்தை வடிவமைத்த நாடு ஆணையை அனுப்பும். விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு அதை அப்படியே ஏற்க வேண்டும், இல்லையென்றால் ஆராய்ந்து தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். நம் நாட்டில் அந்தப் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடையது. 2018 பிப்ரவரி வரை அது ஓர் அரசாங்க இலாகாவாக இருந்தது. ஆனால் அந்த ஆணையத்து அதிகாரி வந்து திருகை முடுக்கமாட்டார். முடுக்குவது ஹேங்கரில் வியர்த்துக்கொண்டு படுத்திருக்கும் மெக்கானிக். கையெழுத்துப் போடுவது உரிமம் பெற்ற பொறியாளர்.

பேராக்கின் வானிலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில், மாலையில் மழை, இரவெல்லாம் பனியும் ஈரமும். இந்த ஈரம் கம்பிவடத்தின் எதிரி. 2013இல் அமெரிக்க விமானத்துறை நிர்வாகம் பைப்பர் விமானங்களுக்கு ஒரு ஆணை போட்டது. வாலின் கிடைப்பலகையை அசைக்கும் கம்பிவடங்களின் முனைப் பொருத்துகளில் துருவும் வெடிப்பும் கண்டதால், வயதான வடங்களைச் சோதித்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். குளிர்நாட்டு விமானத்தைவிட நம் ஊர் விமானத்துக்கு இது இரட்டை அவசரம். வடத்தை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு துணியால் வடத்தைச் சுற்றிப் பிடித்து மெல்ல நீளவாக்கில் இழுப்பார்கள். உள்ளே மெல்லிய இழை ஒன்று அறுந்திருந்தால் துணியின் நூலைப் பிடித்து இழுக்கும். கப்பிக்கு மேல் உட்கார்ந்திருக்கும் பகுதிதான் முதலில் அறும். அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். ஆகவே மிதியை முழுதாக மிதித்துப் பிடிக்க ஒரு ஆள் மேலே, துணி பிடிக்க ஒரு ஆள் கீழே. வெறும் கையால் தடவும் புதுப்பையன்களுக்கு முதல் நாளே விரல் கிழியும்.

இரண்டு ஆள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிரிட்டிஷ் மரபில் வளர்ந்த நாடுகளில், விமானத்தைத் திருப்பும் உறுப்புகளில் யார் கை வைத்தாலும் தகுதி பெற்ற இரண்டாவது ஒருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வேலை செய்தவர் கண்ணுக்கு அவர் தவறு தெரியாது. 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பழுதுபார்த்துக் கிளம்பிய ஏர் அஸ்தானா விமானத்தில் இறக்கைப் பலகைகளின் வடங்கள் மாற்றிக் கட்டப்பட்டிருந்தன. இடப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் சாய்ந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் உயிர் பிழைத்தது அந்த விமானிகளின் கெட்டிக்காரத்தனம். அது பெரிய விமானம், உயரமும் இருந்தது, எரிபொருளும் இருந்தது. ஒரு செஸ்னாவுக்கு ஓடுபாதையின் முடிவு வரைக்கும்தான் அவகாசம்.

பெற்றோர்களே, இனி உங்களிடம் பேசுகிறேன். வீட்டை அடமானம் வைத்து, சேமநிதியை எடுத்து, பிள்ளையைப் பறக்கும் பள்ளியில் சேர்க்கிறீர்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறீர்கள். விடுதியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். வேலை உத்தரவாதமா என்று கேட்கிறீர்கள். "என் பிள்ளை ஏறப்போகும் விமானத்தின் ஆணைப் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்?

ஒவ்வொரு விமானத்துக்கும் அப்படி ஒரு பதிவேடு உண்டு. வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஆணையின் எண்; எந்தத் தேதியில், எத்தனை மணி பறந்திருந்தபோது நிறைவேற்றப்பட்டது; எந்த முறையில்; ஒரே தடவையோடு முடிகிறதா, இல்லை நூறு மணிக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டியதா; அடுத்தது எப்போது; கையெழுத்தும் உரிம எண்ணும். இருக்கையை நிறுத்தும் ஊசியும் தண்டவாளத் துளையும் தேய்ந்து, விமானம் மேலே ஏறும்போது விமானியின் இருக்கை பின்னால் சறுக்கி, அவர் பிடித்திருந்த சக்கரத்தையும் கூடவே இழுத்துவிட்ட கதைகள் உண்டு. அதற்காகச் செஸ்னாவுக்கு 1987இல் ஒரு ஆணை போட்டார்கள்; 2011இல் அதன் இடத்தில் வந்த புதிய ஆணையும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வகை. அந்தக் கட்டத்தில் கடைசித் தேதி எப்போது என்று பாருங்கள். உங்களுக்கு இயந்திர அறிவு வேண்டாம். தேதி படிக்கத் தெரிந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை. செஸ்னா 150இலோ 152இலோ பயின்றால், முதல் நாள் விமானத்தைச் சுற்றி வரும்போது வாலடியில் மண்டியிடுங்கள். புது ரப்பர் முட்டு இருக்கிறதா? பிறகு உள்ளே ஏறி, கண்ணெதிரே ஸ்பின் கூடாது என்ற ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லையென்றால் ஆசிரியரிடம் 2009-10-09 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொள்ளும் ஆசிரியரும் இருப்பார், தோளில் தட்டிக்கொடுக்கும் ஆசிரியரும் இருப்பார். தட்டிக்கொடுப்பவரோடு பறங்கள்.

பதிவேடு அலுவலகத்தில் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று பள்ளியில் சொன்னால், பெற்றோர்களே, அடுத்த வாரம் போங்கள். அதுவரைக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.